சேவல் இல்லாத தெரு

டனீடினில் எங்கள் தெரு நட்டுக்குத்தலாக ஏறும்.
மேல்வீட்டு நைரி காரை நிறுத்தினால்
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இறங்குவாள்.
அவள் கொல்லையில் நாலு கோழி.
வாசலில் மரப்பெட்டி, பழைய காப்பித்தூள் டின்,
‘ஆறு முட்டை ஐந்து டாலர்
அட்டைப்பெட்டியைத் திருப்பித் தரவும்.’

எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
திரும்பும் வழியில் முட்டை எடுப்பேன்.
காலிப் பெட்டியின் மூடியில்
‘அருமை, நன்றி’ என்று எழுதி வைப்பேன்.
மற்றவர்கள் அங்கே நின்று பேசியதில்
பாதிக்கு நானே சாட்சி.

எதிர்வீட்டு லாக்லன் ஒரு முட்டையைச்
சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
உள்ளே குஞ்சு இருக்காதே?
சேவலே கிடையாது என்றாள் நைரி.
சேவல் இல்லாமல் முட்டை எப்படி வரும்?
கேட்டவன் மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.
‘மாதாமாதம் என் உடம்பு
உன்னைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது?’
என்றாள் அவன் மனைவி ப்ரோனா.
கொஞ்ச நேரம் தெருவே கணக்குப் போட்டது.

ரக்பி பயிற்சியாளர் டவிட்டா
பழுப்பு முட்டைதான் பலம் என்பார்.
வெள்ளை முட்டை விருந்தாளிக்கு.
நிறம் கோழியின் காதுமடலில் பெரும்பாலும் தெரியும் என்று
நைரி சொன்ன அன்று
அவர் காதை நான் பார்த்தேன்
என் காதை அவர் பார்த்தார்.

நீல முட்டையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தது
ஒரு பையன். சாயம் போகவில்லை.
அவன் அம்மாவும் தேய்த்தாள்.

பெட்ரோனெல்லா அம்மையார் கையில் வாங்கியதும்
பதறிப் போனார்:
இது சூடாக இருக்கிறதே, கெட்டுவிட்டதா?
இப்போதுதான் கோழியிலிருந்து வந்தது.
கோழியிலிருந்தா!
வேண்டாம் தாயே, கடை முட்டையே போதும்.

ஒருத்தர் வெள்ளிக்கிழமை வந்து
சனிக்கிழமைக்குள் நாற்பத்தெட்டு கேட்டார்,
கல்யாண கேக்.
அவர் பார்வை கோழியின் முதுகில்
பொத்தான் எங்கே என்று தேடியது.

இவர்களையெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தவன் நான்.

நவம்பரில் ஆரம்பித்தது.
வேலை முடிந்து வந்து
கண் சொருகும் நேரம்,
சரியாக ஐந்து நாற்பது,
துருப்பிடித்த கேட்டை ரம்பத்தால் அறுப்பது போல
ஒரு கூவல்.
ஏழாம் நாள் நகரசபைக்குக் கடிதம் எழுதினேன்.
‘முட்டை விற்கும் வீட்டில்
சேவலை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.’
பெயர் போடவில்லை.
கோழை என்று சொல்லுங்கள், தூங்காதவன் என்றும் சொல்லுங்கள்.

எருவேரா என்ற இளைஞன் வந்தான்,
பேனா, படிவம், நகரசபை மேல்சட்டை.
விடியுமுன் வேலியோரம் நின்றான்.
வேடிக்கை பார்ப்பவன் போல
நானும் நின்றேன்.

கவிழ்த்த வாளிமேல் ஏறினாள்
கொழுத்த வில்ஹெல்மினா.
கழுத்தை நீட்டினாள்.
கண்ணை மூடினாள்.
கூவினாள்.

சேவல் இல்லாத இடத்தில்
சில பெட்டைகள் அந்தப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும் என்றாள் நைரி,
பால்காரன் வராததால் தானே போய் வாங்கியதைச்
சொல்வது போல.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று
கேட்கிற மொழி ஒன்று உண்டு.
துறைமுகத்துக்கு மேலே வெளுத்தது.

வில்ஹெல்மினா இறங்கினாள், வைக்கோலுக்குள் போனாள்,
கால்மணி நேரத்தில் ஒரு பழுப்பு முட்டை,
அதற்கும் தனியாக ஓர் அறிவிப்பு.

எருவேரா படிவத்தை நெடுநேரம் பார்த்தான்.
பிறகு எழுதினான்:
சேவல்: இல்லை.
கூவல்: உண்டு.
நடவடிக்கை என்ற கட்டம் காலியாகவே இருந்தது.

போகும்போது என் கடிதத்தை அவளிடம் காட்டினான்.
அவள் படித்தாள்.
எழுத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காதில் பஞ்சோடு வந்தேன்,
டின்னில் பத்து டாலர் போட்டேன், மிச்சம் எடுக்கவில்லை.
எனக்கென்று ஒரு பெட்டி தனியாக இருந்தது.
மூடியில் என் ‘அருமை, நன்றி’க்குக் கீழே
நைரியின் கொட்டை எழுத்து:
‘சேவல் இட்டது.’